எந்த ஊர் என்று கேட்ட பஸ்

பஸ்ஸுக்கு அடியில் ஒரு ஆள் மல்லாந்து படுத்து டேப் பிடித்து அளந்தான் என்று ரெட்டப்பாறைத் தோட்டம் முழுக்க ஒரே பேச்சு. பஸ்ஸை அளந்தால் நமக்கென்ன என்று நான்தான் முதலில் சொன்னேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். ஆனால் அந்த ஆளோடு வந்த கண்ணாடிக்காரர் அளப்பதோடு நிற்கவில்லையாம். சீட்டுகளை எண்ணினாராம். ஒரு சீட்டில் எத்தனை பேர் நெருக்கி உட்காரலாம் என்று கண்டக்டரிடம் விசாரித்தாராம். பிறகு கொக்கி வைத்த தராசு ஒன்றை எடுத்து, மாத்தளைச் சந்தைக்குப் போய்த் திரும்பிய பாலாமணியின் மூட்டையை வாங்கி, அதில் தொங்கவிட்டு நிறுத்தாராம். அதைக் கேட்டதும் வீட்டிலிருந்த சாமானையெல்லாம் நான் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

ஏன் என்று சொல்ல வேண்டும். இலங்கை, இந்தியா என்ற இரண்டு நாட்டு அரசாங்கமும் தோட்டத்துச் சனம் எங்களைப் பங்கு போட்டுக் கையெழுத்து வைத்துக் கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. இத்தனை லட்சம் பேர் உனக்கு, இத்தனை லட்சம் பேர் எனக்கு என்று பேசி முடித்துவிட்டார்கள். யார் எந்தப் பக்கம் என்பதை மட்டும் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. என் மாமனார் இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டுப் போட்ட மனு, அவர் செத்துப் புதைத்த பிறகு, இல்லை என்று திரும்பி வந்தது. நாங்கள் எந்தப் பக்கத்திலும் சேராமல் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் மாத்தளை ஸ்டேஷனில் ரயிலேற்றி, தலைமன்னாரில் கப்பலேற்றிவிடுவார்கள் என்பது மட்டும் எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கு இவ்வளவு பாரம்தான் சாமான் கொண்டுபோகலாம் என்றும் ஒரு பேச்சு இருந்தது. அப்படியிருக்கையில் ஒருவர் வந்து பஸ்ஸை அளந்து, ஆளை எண்ணி, மூட்டையை நிறுத்தால் என்னவென்று நினைப்பது?

பொழுது சாய, பீலியில் தண்ணீர் பிடிக்க நாங்கள் குடத்தோடு நின்றபோது இராசமாணிக்கம் அண்ணன் அதை வாய்விட்டுச் சொன்னார். அவர் எங்கள் சங்கத் தலைவர். பேப்பர் படிக்கிறவர். படித்ததைவிடக் கூடுதலாகவே அதிலிருந்து எடுத்துச் சொல்லுவார்.

"கணக்கு சரியா இருக்கு பாருங்க. ஒரு பஸ்ஸுக்கு எத்தன ஆளு, எத்தன மூட்ட. இந்தத் தோட்டத்தக் காலி பண்ண எத்தன பஸ்ஸு வேணும்னு பாக்குறானுங்க."

"ஏத்தத்துக்குக் கீழ இருக்குற பாலத்தையும் பாத்தானுங்களாம்ண்ணே," என்றாள் பாலாமணி. "பஸ்ஸு போகையில பாலம் எம்புட்டு அமுங்குதுன்னு கீழ எறங்கிக் குச்சி வச்சுப் பாத்தானுங்களாம்."

"பின்ன? எல்லாத்தையும் ஒண்ணா ஏத்திக்கிட்டு எறங்கணும்ல. தாங்குமான்னு பாக்க வேணாமா?"

எல்லாம் அச்சாகப் பொருந்தியது. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. இராசமாணிக்கம் அண்ணன் உளறுகிறார் என்று நான் அதுவரை எத்தனையோ தடவை முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அன்றைக்கோ, என் குடம் நிரம்பி வழிந்ததைக்கூட அடுத்தவள் சொல்லித்தான் பார்த்தேன்.

"நாளையிலேருந்து ஒருத்தரும் மேல ஸ்டோர்ல பஸ் ஏறாதீங்க," என்றார் அவர். "ரப்பர் மலைக் குறுக்கால எறங்கி, மெயின் ரோட்டுல போயி ஏறுங்க. கேட்டா தோட்டத்துப் பேர மட்டும் வாய் தவறிக்கூடச் சொல்லப்படாது. பல்லேபொலன்னு சொல்லுங்க, வஹகோட்டைன்னு சொல்லுங்க. என்னத்தையாவது சொல்லுங்க."

"இவரு எப்படிண்ணே குறுக்கால எறங்குவாரு?" என்றேன்.

இவர் என்றால் என் வீட்டுக்காரர். ராசையா என்று ஊரார் கூப்பிடுவார்கள். நெஞ்சில் காசம். செவ்வாயும் வெள்ளியும் மாத்தளை ஆஸ்பத்திரியில் ஊசி போட வேண்டும். நடுவில் விட்டால் பிறகு எந்த மருந்தும் கேட்காது என்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். நாங்கள் குடியிருக்கிற லயத்திலிருந்து ரப்பர் ஸ்டோர் வரை நடப்பதற்குள் இவர் இரண்டு இடத்தில் உட்காருவார். கலேவெலயில் புறப்பட்டு மாத்தளைக்குப் போகிற பஸ், மெயின் ரோட்டை விட்டு எங்கள் ஏற்றத்தில் ஏறி, ஸ்டோர் வாசலில் திரும்பி, மறுபடி இறங்கிப் போகும். காலையில் ஒரு தடவை, பின்னேரம் ஒரு தடவை. இவருக்குக் கால் இரண்டும் அந்த பஸ்தான். அது இல்லாவிட்டால் ஊசி இல்லை, ஊசி இல்லாவிட்டால் ஆள் இல்லை. இதற்கு மேல் எனக்குக் கணக்குத் தெரியாது.

"நீங்க ரெண்டு பேரும் மட்டும் மேல ஏறுங்க. ஆனா வாயக் கட்டிக்க மங்களம்," என்றார் இராசமாணிக்கம் அண்ணன். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிப்புடாத. நெஞ்சு நோவுக்காரங்கள அந்தப் பக்கம் எறங்கினதும் தனியாப் பிரிச்சு வைக்கிறாங்களாம்," என்றார்.

அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. இவருக்கு ஒன்றும் சொல்லவும் இல்லை. சொல்லி என்ன பிரயோசனம்? இவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. கங்காணி கேட்டால்கூட, ஆமாம், அசந்து தூங்கிவிட்டேன் என்று சொல்லி அரை நாள் பேரையும் கூலியையும் இழந்துவிட்டு வருகிற மனுஷன்.

மறுநாள் செவ்வாய். ஸ்டோர் வாசலில் நாங்கள் இரண்டு பேர்தான். கண்டக்டர் ஜைனுதீன் நானா மாத்தளை டவுன்காரர். முஸ்லிம் ஆட்களில் அண்ணனை நானா என்பார்கள். இவருக்கென்று முன்சீட்டை எப்போதும் பிடித்து வைத்திருப்பார். ஆஸ்பத்திரிச் சந்தியில் எங்களை இறக்கிவிடும்போது, "பின்னேரத்துக்கு சீட் வெச்சிரிக்கிறேன், பிந்தாம வாங்க," என்பார். ஒரு தடவை தவறாமல் அதே வார்த்தை. அன்றைக்கு அவர் வெறும் வாசலைப் பார்த்துவிட்டு, "எங்க மத்தவங்க எல்லாம்?" என்று கேட்டார். நான் மரத்தைப் பார்த்தேன்.

பாலத்தடியில் கண்ணாடிக்காரர் ஏறினார். கொழும்புச் சிங்களவர், சின்ன வயசு. சிங்களத்தில் ஐயா என்பதற்கு மாத்தையா என்போம். கையில் ஒரு அட்டையும் பென்சிலும், தோளில் அந்தத் தராசு. ஏற்றத்தில் பஸ் எவ்வளவு நேரம் திணறுகிறது, எவ்வளவு டீசல் குடிக்கிறது என்று பார்ப்பதற்காக அவர் கீழேயே நின்றிருந்தார் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த விஷயம். அப்போது நான் பார்த்தது எங்களை எண்ண வந்த ஒரு ஆளைத்தான். மூட்டையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன்.

மெயின் ரோட்டில் எங்கள் தோட்டத்துச் சனம் கும்பலாக ஏறியது. எல்லாரும் யாரோ எவரோ மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். காலையில் என்னிடம் உப்பு வாங்கிப் போன பாலாமணி, என்னைப் பிறந்ததிலிருந்து பார்க்காதவள் போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஒவ்வொருவர் சேலையிலும் ரப்பர் காட்டுச் சருகு ஒட்டியிருந்தது. வேறு சமயமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன்.

மாத்தையா சிங்களத்தில் கேட்க, ஜைனுதீன் நானா தமிழில் திருப்பிக் கேட்டார்.

"எந்த ஊரு? எங்க போறீங்க?"

ஜைனுதீன் நானாவுக்கு ஊர் என்றால் தன் வீடு இருக்கிற இடம், பள்ளிவாசல் இருக்கிற தெரு. எங்களுக்கு அப்படியில்லை. நாங்கள் இருப்பது தோட்டம், படுப்பது லயம். ஊர் என்று நாங்கள் சொல்வது ஒன்றைத்தான். அது கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ஊருக்குப் போகிறான் என்றால் கப்பலேறுகிறான் என்று அர்த்தம். எந்த ஊர் என்று அதிகாரி ஒருவர் வந்து கேட்டால், உன்னை எங்கே கொண்டுபோய் இறக்குவது என்று கேட்கிற மாதிரிதான் எங்கள் காதில் விழும்.

"பல்லேபொல," என்றாள் பாலாமணி. அவள் புருஷன் "வஹகோட்ட" என்றான். ஒரே சீட்டில் உட்கார்ந்திருந்த புருஷன் பெண்சாதி இரண்டு ஊர்க்காரர்கள் ஆனார்கள். நெற்றி நிறைய விபூதி பூசிய சந்திரகாந்தா அக்கா, "வஹகோட்ட மாதா கோயில் பக்கந்தான் நம்ம வீடு," என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள். மாத்தையா தலையை ஆட்டி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். பின்னால் இருந்தவர்களும் அதைப் பார்த்துத் தைரியம் வந்து, வஹகோட்டை, வஹகோட்டை என்றே சொன்னார்கள்.

எங்கள் முறை வந்தது.

"எந்த ஊரு, ராசையா?"

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "முசி..." என்று தொடங்கினார். முசிறி இவர் தாத்தா பிறந்த ஊர். இவர் கண்ணால் கண்டதில்லை. நான் இவர் காலை ஓங்கி மிதித்தேன்.

"கலேவெல," என்றேன். "மாத்தளைல சொந்தக்காரங்க வீட்டுக்குப் போறோம்."

ஜைனுதீன் நானா என்னைப் பார்த்தார். சற்று முன்புதான் ஸ்டோர் வாசலில் எங்களுக்கு டிக்கெட் கிழித்தவர் அவர். என் முகத்தில் என்ன தெரிந்ததோ. இவர் வாயில் துண்டை வைத்து இருமுவதையும் பார்த்தார். பிறகு மாத்தையாவிடம் திரும்பி, "கலேவெல," என்றார்.

மாத்தையா மூட்டைக்குக் கை நீட்டினார். விட மாட்டேன் என்று இறுக்கிப் பிடித்தேன். ஜைனுதீன் நானா, "குடுங்க தங்கச்சி, திருப்பித் தருவாரு," என்று சொல்லி வாங்கிக் கொடுத்தார். உள்ளே ஒரு கம்பளி, ஒரு தட்டு, கஞ்சிப் போத்தல். தராசில் தொங்கவிட்டுப் பார்த்து மாத்தையா சிரித்தார். பாரமே இல்லை என்று சிங்களத்தில் சொன்னார். அப்படியானால் இன்னும் கொஞ்சம் சாமான் எடுத்துக்கொள்ள விடுவார்கள் என்று என் மனசு அந்தப் பயத்திலும் கணக்குப் போட்டது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

அந்த வாரம் முழுக்க இப்படியே நடந்தது. பிறகு அவர்கள் வரவில்லை. அப்பாடா, தப்பித்தோம் என்று இருந்தோம். ஒரு வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ் இறங்கும்போது ஜைனுதீன் நானா என்னை நிறுத்தினார்.

"வாற கெழமையிலிரிந்து பஸ் மேல வராது தங்கச்சி."

"என்ன நானா சொல்றீங்க?"

"ஏத்தம் ஏற டீசல் குடிக்கிதாம். எறங்க பிரேக் தேயிதாம். அந்தப் பாலமும் பழசாம். அவளவும் செஞ்சி மேல வந்தா, ஏற ஒரு மனிசன் இல்ல எண்டு கணக்கு வந்திரிக்கி. வஹகோட்டைக்குத்தான் இன்னொரு பஸ் போடப் போறாங்களாம். அங்கயிரிந்து அவளவு சனம் வாறாங்களாம்."

"ஒங்களுக்குத் தெரியுமே நானா! நாங்க மேல ஏறுனது ஒங்களுக்குத் தெரியுமே! ஏன் சொல்லல?" என்று சந்தி என்றும் பாராமல் கத்தினேன்.

"நீங்க நடுங்கிக்கிட்டுச் சொன்னத நான் எப்பிடிப் பொய்யெண்டு சொல்ற?" என்றார் அவர்.

பஸ் வராத முதல் செவ்வாய் நாங்கள் விடியும்போதே புறப்பட்டோம். குறுக்குப் பாதையில் பாதி தூரம் இறங்குவதற்குள் இவர் ஒரு ரப்பர் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். இருமினார். சருகின் மேல் ரத்தம் விழுந்தது. இவர் அவசரமாகக் காலால் சருகைத் தள்ளி அதை மூடினார், நான் பார்க்காத மாதிரி. கீழே மெயின் ரோட்டில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போன சத்தம் எங்களுக்குக் கேட்டது. இவரை முதுகில் சாய்த்து, இழுத்து, லயத்துக்கே திரும்பிக் கொண்டுவந்தேன். கப்பலுக்குப் பயந்த பயமெல்லாம் பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

அன்று மத்தியானமே சேதி வந்தது. பாலத்தில் மணல் மூட்டை ஏற்றிய லொறி ஒன்றை நிறுத்தி வைத்துக் கண்ணாடி மாத்தையா எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறாராம். நான் சேலையை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இராசமாணிக்கம் அண்ணன் வழியை மறித்தார்.

"பைத்தியமா மங்களம்? நாங்க மேலதான் இருக்கோம்னு நீயே போயிச் சொல்லப் போறியா? ஒங்க ரெண்டு பேரோட போகாது. தோட்டமே மாட்டும்."

"கப்பல்ல போறதுக்காச்சும் அந்த மனுசன் உசுரோட இருக்கணும்லண்ணே," என்றேன். அவர் விலகிக்கொண்டார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. நான் வாயைத் திறந்தால் பாலாமணியும், சந்திரகாந்தா அக்காவும், அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்துதான் மாட்டுவார்கள். இரண்டு தடவை திரும்பிவிடலாம் என்று நின்றேன். சருகைத் தள்ளிய இவர் கால்தான் கண் முன்னால் வந்தது.

மாத்தையா பாலத்துக்குக் கீழே முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், "பொரு கிவ்வா," என்றேன். பொய் சொன்னேன். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் மலையைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், மறுபடி மலையைக் காட்டினேன். அழுகை வந்துவிட்டது. நல்ல வேளையாக அந்த நேரம் மாத்தளையிலிருந்து வந்த பஸ் மெயின் ரோட்டில் நின்றது. ஜைனுதீன் நானா என்னைப் பார்த்துவிட்டு, டிரைவரிடம் நிற்கச் சொல்லி இறங்கி ஓடி வந்தார்.

"சொல்லுங்க நானா. வஹகோட்டைல ஒருத்தரும் இல்ல. பல்லேபொலயும் இல்ல. அம்புட்டுப் பேரும் ரெட்டப்பாறைதான். நாங்க பயந்துகிட்டு மாத்திச் சொன்னோம். கப்பல்ல போடுறதுன்னா போடட்டும். அது வரைக்கும் பஸ்ஸ மட்டும் விடச் சொல்லுங்க. அவருக்கு ஊசி போடணும்."

ஜைனுதீன் நானா சொல்லச் சொல்ல, மாத்தையா முகம் மாறியது. "எந்தக் கப்பல்?" என்று கேட்டார். என்னிடம் கேட்டுக் கேட்டு நானா அதையும் விளக்கினார். பாலம் அமுங்குவதைப் பார்த்தது, சீட்டு எண்ணியது, மூட்டை நிறுத்தது, எல்லாவற்றுக்கும் நாங்கள் கொடுத்த அர்த்தத்தைச் சொன்னார். மாத்தையா கரையேறி வந்து ஒரு மணல் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். மலைக்கு பஸ் விட்டால் கட்டுப்படியாகுமா, மலையில் விளைகிற கொக்கோவும் மிளகும் லொறியில் இறக்கினால் மலிவா, பாலம் அதைத் தாங்குமா என்று ஆராய்ச்சி செய்யத்தான் தன்னை அனுப்பினார்கள் என்றார். எந்த இடத்திலிருந்து வந்து பஸ் ஏறுகிறீர்கள் என்பதுதான் தான் கேட்ட கேள்வி என்றார்.

"நான் ஊரெண்டு கேட்டேன்," என்றார் ஜைனுதீன் நானா. தலையில் அடித்துக்கொண்டார். "அல்லாவே, நான் ஊரெண்டுதானே கேட்டேன்!"

ஒருத்தி சொன்னதை வைத்து எதையும் மாற்ற முடியாது, மறுபடி எண்ண வேண்டும் என்றார் மாத்தையா. பஸ்ஸை ஒரு வாரம் மேலே அனுப்பச் சொல்கிறேன், எல்லாரும் மேலேயே ஏற வேண்டும் என்றார். நான் லயம் லயமாகப் போய்ச் சொன்னேன். ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டவர்களும் உண்டு. வெள்ளிக்கிழமை காலை இவரைத் தாங்கிக்கொண்டு ஸ்டோர் வாசலுக்குப் போனபோது வாசல் வெறுமையாகத்தான் இருந்தது. பஸ் ஏற்றத்தில் முனகுகிற சத்தம் கேட்ட பிறகுதான் முதலில் இராசமாணிக்கம் அண்ணன் வந்தார், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. பின்னால் பாலாமணி. பிறகு ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"எங்க ஏறினீங்க?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் ஜைனுதீன் நானா. "ஸ்டோர்ல," "ஸ்டோர்ல," என்றார்கள். சந்திரகாந்தா அக்கா மட்டும் பழக்க தோஷத்தில் வஹகோட்டை என்று சொல்லப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அத்தனை பேரோடும் பஸ் பாலத்தில் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். பாலம் தாங்கியது.

பஸ் நிலைத்தது. இவருக்கு ஊசி முடிந்தது, மாத்திரையும் முடிந்தது. சதை பிடித்தது. மறுபடி வேலைக்குப் போனார். மாத்தையா நல்லவர்தான், பொய் சொல்லவில்லைதான். ஆனாலும் அவர் எண்ணிய எண்ணிக்கை யார் யார் மேசைக்குப் போனது என்று அவருக்கே தெரியுமோ என்னவோ. பஸ் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்தத் தராசு ஞாபகம் வரும். பயம் விட்டுப் போகவேயில்லை.

சில வருஷம் கழித்து எங்கள் பேருக்கு அரசாங்கத்துப் பேப்பர் வந்தது. இந்தியா என்று போட்டிருந்தது. கண்ணாடி மாத்தையா அனுப்பியதல்ல, வேறு எங்கோ யாரோ போட்ட கணக்கு. புறப்படுகிற அன்று அதே பஸ் ஏற்றம் ஏறி ஸ்டோர் வாசலுக்கு வந்தது. நான் மலை இறங்கி அழுது கேட்டு வாங்கிய பஸ். பெட்டியும் மூட்டையும் கூரையில் ஏற்றினோம். எங்களோடு இன்னும் சில குடும்பங்கள். இராசமாணிக்கம் அண்ணன் கீழே நின்றார். அவருடைய பேப்பர் இன்னும் வரவில்லை. பாலத்தில் இறங்கும்போது நான் கண்ணை மூடவில்லை. இத்தனை பேரையும் தாங்கும் என்றுதான் எனக்குத் தெரியுமே.

முன்சீட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். ஜைனுதீன் நானா வழியில் எங்கே என்று யாரையும் கேட்கவில்லை. மாத்தளை ஸ்டேஷன் வாசலில் பெட்டியை இறக்க அவரே கை கொடுத்தார். பஸ்ஸில் மறுபடி ஏறி, மணிக்கயிற்றைப் பிடித்தவர், எங்களைத் திரும்பிப் பார்த்து, எத்தனையோ செவ்வாய், எத்தனையோ வெள்ளி சொல்லிப் பழகிய வாயால் சொல்லிவிட்டார்.

"பின்னேரத்துக்கு சீட் வெச்சிரிக்கிறேன், பிந்தாம வாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது. எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை, இத்தனை நீள வாய் இருந்தும்.

"சரி நானா, வந்துர்றோம்," என்றார் இவர்.

இவர் பொய் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.